முதுகில் போட்ட தாலி

கொக்கி இறுகிக் கிடந்தது. துணி மாற்றுவதற்காக எக்ஸ்ரே அறையின் மூலையில் தொங்கவிட்டிருந்த பச்சைத் திரைக்குள் ஆவுடைநாயகி சுவரைப் பார்த்து நின்றாள். அவள் பின்கழுத்தில் குற்றாலிங்கம் நகத்தை வைத்து நெம்பிக்கொண்டிருந்தார். "எண்ணெய் எறங்கி இறுகிப் போச்சு போல. அசையாம நில்லு." அவள் அசையவில்லை. அசைந்ததெல்லாம் அவர் விரல்தான். அந்த விரலில் வேறு வீட்டுச் சோப்பு மணத்தது. சந்தனச் சோப்பு. இவள் வீட்டில் என்றைக்கும் வேப்பஞ்சோப்புதான், சந்தனம் போட்டால் அவருக்குத் தும்மல் வரும் என்று கல்யாணமான புதிதில் சொன்னது அவரேதான், அதற்காகத் தாய்வீட்டிலிருந்து பழகிய சோப்பை விட்டாள். இப்போது தும்மல் வரவில்லையாக்கும். பொன்செல்வி போட்டால் வராது. கட்டும்போது இத்தனை நேரம் ஆகவில்லை என்று நினைத்தாள். முதல் முடிச்சை மட்டும் அவர் போட்டார், மற்றதையெல்லாம் அவருடைய அக்கா பின்னாலிருந்து, வெங்காய மூட்டைக்குப் போடுவது மாதிரி இழுத்து இழுத்துப் போட்டாள். யாரோ "போதும் தாயி, பிள்ளைக்கு மூச்சு முட்டப்போவுது" என்றார்கள், எல்லோரும் சிரித்தார்கள், அவளும் குனிந்தபடி சிரித்தாள். மூச்சு முட்டுவது அப்போது சிரிப்புக்குரிய விஷயமாக இருந்தது. கொக்கி விட்டுக்கொடுத்தது. சங்கிலி கழுத்தோரமாக வழுக்கி முன்பக்கம் விழ, அவர் எட்டிப் பார்ப்பதற்குள் அவள் ரவிக்கைக்குள்ளிருந்து தாலியை உருவிக் கைக்குட்டையில் போட்டு முடிந்து நீட்டினாள். வாங்கியவர் உள்ளங்கையில் ஒருமுறை ஏற்றி இறக்கினார். "கனமா இருக்கே." அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பையின் மேல் ஒரு தட்டு தட்டிவிட்டு வெளியே போனார். பஸ்ஸில் டிக்கெட் வாங்கியவர்கள் தட்டிக்கொள்வார்களே, அப்படி.

"டீச்சர், மஞ்சக் கயிறு வேணும்னா இருக்கு." திரைக்கு அந்தப் பக்கமிருந்து, எக்ஸ்ரே எடுக்கிற சேர்மதுரை. அவன் மேசை இழுப்பறையில் கயிற்றுக்கண்டும் நறுக்கிய மஞ்சள் துண்டுகளும் எப்போதும் இருக்கும், வெறுங்கழுத்தோடு நிற்க மாட்டேன் என்கிற பெண்களுக்காக. போன வருஷமும் இதையேதான் சொன்னான். "வேண்டாம்ல" என்றாள். ஆஸ்பத்திரி கவுனின் நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்து தகட்டின் முன்னால் நின்றாள். நாடியைத் தூக்கித் தகட்டின் மேல்விளிம்பில் வைக்க வேண்டும், கையை இடுப்பில் ஊன்றி முழங்கையை முன்னால் தள்ள வேண்டும், சண்டைக்குப் போகிறவள் மாதிரி. நெஞ்சில் தகடு சில்லென்று ஒட்டியது. வெறும் நெஞ்சு. தாலி கிடந்த இடத்தில் ஒரு தண்ணென்ற குழி. "தோளை இன்னும் கொஞ்சம் முன்னால டீச்சர், ஆமா, அப்படியே" என்று சொல்லிவிட்டு அவன் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓடினான். இந்த ஓட்டம் அவளுக்கு எப்போதும் வேடிக்கை. உங்களுக்கு ஒன்றும் செய்யாது என்று சொல்லிவிட்டுச் சொன்னவன் ஓடுவது. "மூச்சை நல்லா இழுங்க. இழுத்துப் பிடிங்க." இழுத்தாள். பாதியில் இருமல் வந்து முட்டியது, அதை விழுங்கிப் பிடித்தாள். ஒரு ரீங்காரம். முதுகு வழியாக நுழைந்து நெஞ்சு வழியாக ஏதோ போயிற்று, போனது தெரியவில்லை. ஊடுகதிர். காலையில் இங்கிலீஷ் மீடியத்துக்கு எடுக்கும்போது எக்ஸ் என்பாள். எக்ஸ் என்றால் தெரியாதது, கண்டுபிடித்தவருக்கே அது என்னவென்று தெரியாததால் வைத்த பெயர். மத்தியானம் தமிழ் மீடியத்துக்கு அதே பாடம், ஊடுகதிர். எது குறுக்கே நின்றாலும் ஊடே போவது. காலைப் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிற பெயரையும் மத்தியானப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் ஊடுருவிவிடுவேன் என்று ஜம்பம் அடிக்கிற பெயரையும் எத்தனை வருஷம் மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறாள். சேர்மதுரை மத்தியானத்தில் உட்கார்ந்தவன். கடைசிக்கு முந்தின பெஞ்சு. "விடுங்க டீச்சர்." விட்டாள். விட்டதும் இருமல் வெடித்தது. வாயை மூடிய கையை எடுத்துப் பார்க்கவில்லை. கவுனிலேயே துடைத்தாள். ஆஸ்பத்திரிக் கவுன் அதற்குத்தானே.

வெளியே நடைபாதையில் வரிசையாக இரும்பு நாற்காலிகள். குற்றாலிங்கம் ஒரு ஓரமாக உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவள் புடவையோடு வந்து ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள். விட்ட நாற்காலியில் பழைய படத்தின் காக்கிக் கவரை வைத்தாள். பார்ப்பவர்களுக்கு, நோயாளியும் புருஷனும் நடுவில் கவரும். இவரை ஏன் கூப்பிட்டோம் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வாங்க, அடுத்த டெஸ்ட்டுக்குக் கையெழுத்து வேண்டியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது, தம்பி வருவான் என்றுதான் வாய் வந்தது. மதுரையிலிருந்து தம்பி ஓடிவந்திருப்பான். ஆனால் போனில் விரல் இவர் பெயரைத் தேடிப் போயிற்று. சேர்ந்து மனுக் கொடுத்துப் பிரிந்துகொள்ளலாம் என்று அவர் வக்கீலோடு வந்து நின்றபோதெல்லாம், முடியாது என்று கதவைச் சாத்தினாளே, அப்படிச் சாத்திக் காப்பாற்றி வைத்த உறவுக்கு இதுதான் முதல் உபயோகம். சட்டப்படி இவர்தான் புருஷன், வந்து கையெழுத்துப் போடட்டும். வந்தார். மறுக்காமல் வந்ததுதான் எரிச்சல். ஆட்டோவில் வரும்போது "கோட்டர் ரோட்டை ஒருவழிப் பாதை ஆக்கிட்டான் பாத்தியா" என்றார். ஏதோ நேற்றும் இரண்டு பேரும் சேர்ந்து கடைக்குப் போய்விட்டு வந்தது போல. சட்டைப் பை புடைத்துக்கொண்டிருந்தது. அதற்குள் கைக்குட்டை, கைக்குட்டைக்குள் தாலி. அவர் மூச்சு விட விட ஏறி இறங்கியது. அவருக்கு மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை.

முதன்முதலில் இவள் நெஞ்சுக்குப் படம் எடுத்தது மாலத்தீவு வேலைக்கு. விசாவுக்கு நுரையீரல் சுத்தமாக இருக்க வேண்டும், பழைய காசநோய்த் தழும்பு இருந்தால்கூடத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திருவனந்தபுரத்தில் ஒரு லேப். அன்றைக்குக் கழற்றச் சொன்னபோது இவள்தான் தயங்கினாள். "கழத்து ஆவுடை, இதுல என்ன இருக்கு? வெறும் தங்கம்தானே, கயித்திலயா நம்ம வாழ்க்கை இருக்கு?" என்றவர் இவர். எவ்வளவு முற்போக்கான மனுஷன் என்று அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கழற்றி அவர் கையில் கொடுத்தாள், எக்ஸ்ரே முடிந்ததும் அவரே போட்டுவிட்டார், இரண்டு பேரும் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு மலையாளத்து ஓட்டலில் சிவப்பரிசிச் சோறு சாப்பிட்டார்கள். நெஞ்சு சுத்தம் என்று வந்தது. சுத்தமான நெஞ்சை எடுத்துக்கொண்டு தீவுக்குப் போனாள். சுற்றிலும் கடல், பள்ளிக்கூடம், பவளக்கல் சுவர், பிள்ளைகள் இவளை "மிஸ் ஆவுடா" என்பார்கள். வருஷத்துக்கு ஒரு விடுமுறை. அவள் சம்பளத்தில் மகாராஜநகரில் வீடு எழும்பியது. தளம் போட்ட அன்றைக்குப் போனில் படம் அனுப்பினார், தளத்தின் மேல் நிற்கிற கொத்தனார்கள், கொத்தனார்களுக்குப் பக்கத்தில் ஒரு பெண், குடை பிடித்துக்கொண்டு. யார் அது என்று கேட்டாள். "ஆபீஸ்ல பொன்செல்வின்னு, இந்தப் பக்கமா வந்தாங்க, சும்மா பாத்துட்டுப் போறாங்க." சும்மா பார்த்துவிட்டுப் போகிறவள் குடையை மடக்காமல் நிற்பாளா? படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பெரிதாக்கினால் எல்லாம் மங்கும் என்பது எந்தப் படத்துக்கும் உள்ள விதி. திரும்பி வந்தபோது வீடு முடிந்திருந்தது, வாசலில் அவள் பெயரில் ஒரு பலகைகூட இருந்தது, அவர் மட்டும் வண்ணார்பேட்டையில் பொன்செல்வி வீட்டில் இருந்தார்.

எக்ஸ்ரே அறைக் கதவு திறந்தது. சேர்மதுரை தலையை மட்டும் நீட்டினான். "டீச்சர், பழைய படம் கொண்டு வந்திருக்கீங்களா?" அவன் குரலில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாமல் இருப்பதற்காக அவன் பட்ட பாடுதான் இருந்தது. வகுப்பில் காப்பியடித்துவிட்டு நிற்பவனின் குரல் அப்படித்தான் இருக்கும், இருபது வருஷம் இந்தக் குரல்களோடு குப்பை கொட்டியவளுக்குத் தெரியாதா. படம் சுத்தமாக இருந்தால் பழசை எதற்குக் கேட்கிறான்? பழசு வேண்டுமென்றால் புதிதில் ஏதோ இருக்கிறது, புதிதில் இருப்பது பழசிலும் இருந்ததா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. கவரை எடுத்துக் கொடுத்தாள். கவர் கை மாறும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கவரில் அச்சடித்திருந்த பிள்ளையாரைப் பார்த்தான். "என்னல சேர்மா, எதும் தெரியுதா?" "டாக்டரம்மா பாப்பாங்க டீச்சர். நான் படம் எடுக்கவன்தானே." கதவு மூடிக்கொண்டது. குற்றாலிங்கம் போனிலிருந்து நிமிர்ந்தார். "உன் ஸ்டூடண்டா? நல்ல பையனா இருக்கான்." "ஆமா" என்றாள். நல்ல பையன். நல்ல பையனாக இருந்ததுதான் வினை.

போன வருஷம் இருமல் விடவில்லை. தீவு உப்புக்காற்று நெஞ்சில் இறங்கியிருக்கும் என்றார் ஒருவர், வீட்டுப் பெயின்ட் வாசனை என்றார் இன்னொருவர், எதற்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். உள்ளே வந்தால் சேர்மதுரை. பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். "டீச்சர், நான் மத்தியான செக்‌ஷன் சேர்மதுரை. மோதிரக் கேள்வி கேட்டவன்." மோதிரக் கேள்வி! எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்ஜன் தன் மனைவியின் கையை முதன்முதலாக எடுத்த படத்தை அவள் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்து காட்டுவாள், விரல் எலும்புகள், நடுவில் ஒரு எலும்பில் மட்டும் தடித்த வளையம். மனைவி படத்தைப் பார்த்து, என் சாவையே பார்த்துவிட்டேன் என்று சொன்னதாகச் சொல்வார்கள் என்பாள், பிள்ளைகள் உச் கொட்டும். இவன் எழுந்தான். "டீச்சர், அந்தம்மா ஏன் மோதிரத்தைக் கழத்தாம கையை நீட்டுனாங்க?" அவள் யோசிக்கவே இல்லை. "கழத்தியிருந்தா அது அவர் பொண்டாட்டி கைன்னு உனக்கு எப்படில தெரியும்? எலும்புல பேரா எழுதியிருக்கு?" வகுப்பே சிரித்தது. இவனும் சிரித்தான். பதில் நன்றாக இருந்தது. எத்தனையோ பாடம் மறந்துபோன பிள்ளைகள் இந்தப் பதிலை வைத்திருக்கும். அப்படிப்பட்டவன் போன வருஷம், "டீச்சர், சங்கிலியைக் கழத்தணும்" என்றபோது, "கழத்த மாட்டேன்ல" என்றாள். "மஞ்சக் கயிறு தாரேன் டீச்சர்." "அதெல்லாம் வேண்டாம். இது கழுத்தை விட்டு எறங்காது." "நிழல் விழும்லா டீச்சர்." "எங்க விழும் எவ்வளவு விழும்னு உனக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தாம்ல. நீ படத்தை எடு." அவன் சிரித்தான். மோதிரக் கேள்வி ஞாபகம் வந்துதான் சிரித்திருப்பான். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தும் இருப்பான். வேறு எவளாவது இருந்திருந்தால் அதட்டியிருப்பான், "கழத்தினாத்தான் எடுப்பேன், இல்லன்னா எடத்தைக் காலி பண்ணும்மா" என்று கதவைத் திறந்து பிடித்திருப்பான், அவள் காது படவே ஒருத்தியை அப்படிச் சொன்னான். டீச்சரை எப்படிச் சொல்வான்? "சரி டீச்சர், அப்ப பின்னால போட்டுக்கிடுங்க" என்றான். அவள் குளிக்கும்போது போடுவதுபோலச் சங்கிலியை வலது தோளுக்கு மேலாக எடுத்து முதுகுப் பக்கம் எறிந்தாள். தாலி கவுனுக்குள் போய் முதுகில் விழுந்தது. ஜில்லென்று இருந்தது, நினைவிருக்கிறது. படத்தகட்டிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவுக்கு நிழல் பெரிதாகும். மெழுகுவர்த்தியை வைத்து, கையை முன்னும் பின்னும் நகர்த்தி, அவளே பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறாள். நெஞ்சில் கிடந்திருந்தால் தகட்டோடு ஒட்டிக் கிடந்திருக்கும், அதுவும் நடுவில், முதுகெலும்புக்கு நேராக. முதுகில் போட்டதால் ஒரு நெஞ்சு அகலம் பின்வாங்கி, ஊதிப் பெருத்து, வலது நுரையீரலின் மேல்பாகத்தில் போய் உட்கார்ந்திருக்கும். தெரிந்த பாடம்தான். தெரிந்தது எதுவும் அந்த நேரத்துக்கு வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்தது. வந்ததைப் போடா என்று தள்ளினாள்.

ஏன் தள்ளினாள் என்றால் அதற்கு முந்தின வாரம்தான் இவர் வந்து போயிருந்தார். வாசலில் செருப்போடு நின்றுகொண்டே, "எதுக்கு ஆவுடை இந்த வீம்பு? அந்தத் தாலியைக் கழத்தி வச்சிட்டு நிம்மதியா இரேன். உனக்கும் பாரம், எனக்கும் பாரம்." பாரம் என்றார். திருவனந்தபுரத்தில் கழத்து என்று சொன்ன அதே வாய். அன்றைக்குக் கழற்றியது அவருக்கு வீடு கட்ட, இன்றைக்குக் கழற்றச் சொல்வது வேறு வீட்டில் இருக்க. எதற்கென்றாலும் கழற்ற வேண்டியவள் இவள். பொன்செல்வி கழுத்தில் என்ன தொங்குகிறது என்று அவளுக்குத் தெரியாது, கேட்டதில்லை, தெருவில் எதிரே வந்தால்கூடக் கழுத்தைப் பார்க்காமல் நேராகப் போவாள். ஆனால் அன்று மாலையே டவுனுக்குப் போனாள். ரதவீதியில் ஏறி இறங்கி, கடைசியில் ஒரு கடைக்குள் நுழைந்து, தட்டில் பரப்பிய லட்சுமிக் காசுகளில் இருப்பதிலேயே பெரிதாக இரண்டை எடுத்து, தாலிக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று கோத்துக் கொடு என்றாள். "சின்னதா எடுத்தா எடுப்பா இருக்கும்மா" என்றார் கடைக்காரர். "பெருசே இருக்கட்டும்." கண்ணாடியில் பார்த்தாள். கோயில் மாட்டு மணி மாதிரி இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். மார்க்கெட்டில், பாங்க்கில், அவர் ஆபீஸ் ஜன்னலுக்கு எதிரே இருக்கிற பஸ் நிறுத்தத்தில், எங்கேயும் புடவைக்கு மேலே எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றாள், நாற்பத்தெட்டு வயதில் புதுப்பெண் மாதிரி. அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. பார்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. அவர் ஜன்னல் பக்கம் உட்காருவதில்லை, வெயில் ஆகாது.

"காப்பி வாங்கிட்டு வரவா?" என்றார். "வேண்டாம்." "நான் ஒரு வாய் குடிச்சிட்டு வந்திருதேன்." போனார். சட்டைப் பையோடு, தாலியோடு காப்பி குடிக்கப் போனார். திரும்பி வராமல் போய்விட்டால்? அப்படியே வண்ணார்பேட்டை பஸ் ஏறிவிட்டால் வழக்கும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம், பையில் கிடக்கிறது எல்லாம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு இருமலாக மாறியது. எதிரே இருந்த ஒரு அம்மாள், "சளிக்கு ஆடாதோடை வச்சுப் பாருங்களேன்" என்றாள். பார்க்கிறேன் என்று தலையசைத்தாள். வலது பக்கம் மேலே, தோள்பட்டைக்குக் கீழே, ஒரு இடத்தில் உள்ளே ஊசி நுனி. அது எப்போதிலிருந்து இருக்கிறது? போன கார்த்திகைக்கு விளக்கு ஏற்றக் குனிந்தபோது இருந்ததா? அதற்கு முன்னால், அந்தப் படம் எடுத்த அன்றைக்கே முதுகில் ஜில்லென்று விழுந்ததே, அதற்கு நேர் கீழே? நேர் கீழே இருந்திருக்குமானால் ஒரு வருஷம். ஒரு வருஷம் அது உள்ளே இருந்து தின்றிருக்கிறது, இவள் ஆவி பிடித்திருக்கிறாள், தேன் சாப்பிட்டிருக்கிறாள், படத்தில் ஒன்றும் இல்லை என்ற தைரியத்தில் மாடி ஏறி இறங்கித் துணி காயப் போட்டிருக்கிறாள். நெஞ்சு சுத்தம் என்றுதான் போன வருஷம் எழுதிக் கொடுத்தார்கள். தாலியின் நிழலைத் தள்ளிவிட்டு மற்ற இடம் சுத்தம் என்பது அதற்கு அர்த்தம். யாரும் தாலிக்குப் பின்னால் என்ன என்று கேட்கவில்லை. நம் ஊரில் யார் கேட்பார்கள்? இல்லாமலும் இருந்திருக்கலாம். இந்த வருஷம்தான் வந்தது என்று இருக்கலாம். இருந்தால் என்ன, அது வேறு வகை அதிர்ஷ்டம், குறைந்தபட்சம் தன் கையால் இல்லை. வியாதி வந்து போகிறவர்கள் எத்தனை பேர், அதில் ஒன்றாகப் போய்விடலாம். வேண்டுவது அது ஒன்றுதான் என்று அப்போது தெரிந்தது. பிழைக்க வேண்டும் என்றுகூட இல்லை. அந்தப் பழைய படத்தில் அது இருக்கக் கூடாது. நெல்லையப்பரையோ காந்திமதியையோ கூப்பிட வாய் போயிற்று. வெறுங்கழுத்தோடு காந்திமதியைக் கூப்பிடுவதா என்று ஒரு கூச்சம் எங்கிருந்தோ வந்து தடுத்தது. இந்த நேரத்திலும். அந்தக் கூச்சத்தின் மீது காறி உமிழலாம் போல இருந்தது. வாயில் ஏற்கெனவே இரும்பு ருசி.

அவர் திரும்பி வந்தார். மீசையில் காப்பி. உட்காரும்போது ஒரு நாற்காலி விடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்தார், கவர் இல்லாததால் இருக்கும். "பயப்படாத. இப்பல்லாம் எல்லாத்துக்கும் மருந்து இருக்கு." அவள் அவர் சட்டைப் பையைப் பார்த்தாள். "பத்திரமா இருக்கா?" "இருக்கு இருக்கு." தட்டிக் காட்டினார். துணிக்குள் காசும் காசும் உரசிச் சின்னதாக ஒரு சத்தம். அவர் கவனிக்கவில்லை. ஒரு காலத்தில் இந்த மனுஷனுக்கு, அடுக்களையில் அவள் கரண்டியை வைக்கிற சத்தத்திலேயே இன்றைக்குக் கோபமா இல்லையா என்று தெரியும். "ஆவுடைநாயகி" என்று உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தாள். அவரும் எழுந்தார். கதவருகே சேர்மதுரை ஒதுங்கி நின்றான். செருப்பு அவன் காலில் இல்லை. அதைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கியதைக் கையில் எடுக்காமல், சூடான பாத்திரத்தைத் தாண்டிப் போவது மாதிரி உள்ளே போனாள்.

டாக்டர் சின்னப் பெண், மூக்குத்தி போட்டிருந்தாள். வெளிச்சப் பெட்டியில் இரண்டு நெஞ்சும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. இடப்பக்கம் போன வருஷத்து ஆவுடை, வலப்பக்கம் இன்றைய ஆவுடை. காற்று இருக்கும் இடம் கறுப்பு, எலும்பு வெளுப்பு. நிழல் கறுப்பாக இருக்கும் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு, இந்தப் படத்தில் நிழல்தான் வெள்ளை என்று புரியவைக்கத் தனியாக ஒரு பீரியட் வேண்டும். வலப்பக்கத்து நெஞ்சில், மேலே, கறுப்புக்குள் ஒரு வெள்ளை. உருண்டையும் இல்லை, சதுரமும் இல்லை, தண்ணீரில் விட்ட பால் துளி மாதிரி ஓரம் கலைந்து. இடப்பக்கத்து நெஞ்சில் அதே இடத்தில் வெள்ளை வெளேரென்று தாலி. தலைகீழாகச் சாய்ந்து, சங்கிலியோடு, இரண்டு பக்கமும் இரண்டு வட்டத்தோடு. கழுத்தில் கிடந்தபோதுகூட இத்தனை எடுப்பாக இருந்ததில்லை.

"இங்க ஒண்ணு இருக்கும்மா" என்று டாக்டர் புதுப் படத்தைத் தொட்டாள். "என்னன்னு சி.டி. எடுத்து, சதை எடுத்துப் பாத்தாத்தான் சொல்ல முடியும். போன வருஷம் இருந்துச்சான்னுதான் பழசைக் கேட்டேன். இந்த எடத்தை உங்க தாலி மறைச்சிருக்கு." பேனா மூடி பழைய படத்துக்கு நகர்ந்தது. "ஆனா இந்த வட்டத்தைப் பாருங்க. முழுசா இருக்கு, ஓரம் வெட்டுன மாதிரி. இந்தப் பக்கத்து வட்டத்துல மட்டும் கீழ லேசா புகை மாதிரி வெளிய பிதுங்குது இல்லையா? அது தங்கம் இல்லம்மா." பேனாவைக் கீழே வைத்தாள். "அப்பவே இருந்திருக்குன்னுதான் நினைக்கேன்."

ஆவுடைநாயகி பார்த்தாள். காசு ஒரு சுண்டைக்காய் அளவு சிறியதாக இருந்திருந்தால் போதும். காசே இல்லாமல் இருந்திருந்தால் பிள்ளைகள்கூடக் கண்டுபிடித்திருக்கும். சின்னதா எடுத்தா எடுப்பா இருக்கும்மா. பின்னால் சேர்மதுரை மூச்சை இழுத்தது கேட்டது, விட்டது கேட்கவில்லை. "நீ படத்தை எடுன்னு சொன்னது நான்தாம்ல" என்று திரும்பாமலே சொன்னாள்.

குற்றாலிங்கம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெளிச்சப் பெட்டியின் மேல் கவிழ்ந்திருந்தார். "டாக்டர், இந்த வட்டம் ரெண்டும் என்னது? இதுவும் கட்டியா?"

"இல்ல சார். அது காசு. தாலியோட கோத்திருக்கிறது."

"காசா?" அவர் இன்னும் குனிந்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், கைக்குட்டைக்கு மேலேயே தடவிப் பார்த்தது. தடவிய விரல் நின்றது. "நான் கட்டுனதுல காசு கிடையாதே." நிமிர்ந்து, பல வருஷங்களுக்குப் பிறகு முதல்தடவையாக, அவள் முகத்தை நேராகப் பார்த்தார். "இதை எப்ப ஆவுடை சேர்த்த? எதுக்கு?"

"உங்க கண்ணுக்குத் தெரியணும்னுதான்" என்றாள்.